பிடிஎஃப் நிரலில் படங்கள் இழுத்தடிக்கும்போது எந்த வழியை எடுப்பது

பினாங்கில் தமிழ் அச்சு வேலை செய்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நெருக்கடிக் காலங்கள் உண்டு. தைப்பூசத்துக்கு முன் உபயக்காரர்களின் படங்களோடு ஆலயச் சிறப்பு மலர்கள் வந்து குவியும். பள்ளி ஆண்டு முடியும்போது தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டிதழ்களும் மாணவர் சான்றிதழ்களும் வரும். பக்கம் பக்கமாகக் கையால் அடுக்காமல் பைத்தானிலோ பிஎச்பியிலோ நிரல் எழுதிப் பிடிஎஃப் உருவாக்குகிறவர்கள் இந்த இரண்டு காலங்களிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எழுத்து நொடியில் விழுகிறது, படம் வந்ததும் நிரல் படுத்துவிடுகிறது, பிடிஎஃப் உருவாக்கித் தரும் வேறு எந்த லைப்ரரிக்கு, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புக்கு, மாறலாம்?

லைப்ரரி மாற்றத்தை நான் கடைசி வரிசையில்தான் வைப்பேன். படத்தைச் செருகுவது என்று நாம் சொல்லும் வேலையில் செருகலுக்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். படத்தைத் திறந்து பிக்சல்களாக விரிப்பதிலும், விரித்ததை மறுபடி சுருக்குவதிலும்தான் நேரம் கரைகிறது. ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இந்த வழியில் எத்தனை படங்களைத் திறக்காமலே தப்பிக்கலாம்?

ஜேபெக் கோப்பு ஒன்றைப் பிடிஎஃப் தன் வயிற்றுக்குள் அப்படியே, ஒரு பைட்டும் மாறாமல் வைத்துக்கொள்ளும். டிசிடி-டிகோட் என்று ஒரு குறிப்பை மட்டும் பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். விரிக்கும் வேலையைப் படிப்பவரின் திரையோ அச்சு இயந்திரமோ பார்த்துக்கொள்ளும். பிஎன்ஜி அவ்வளவு எளிதல்ல. ஒளிபுகும் அடுக்கு, அதாவது ஆல்பா, இல்லாத சாதாரண பிஎன்ஜி என்றால் சில லைப்ரரிகள் அதன் சுருக்கிய தரவை நேரே நகலெடுக்கும். பிஎச்பியின் எஃப்பிடிஎஃப் அப்படித்தான் செய்கிறது. ஆல்பா இருந்துவிட்டால் எந்த லைப்ரரிக்கும் தப்பிக்க வழியில்லை. பிஎன்ஜி நிறத்தையும் ஆல்பாவையும் பிக்சலுக்குப் பிக்சல் பின்னி வைக்கிறது. பிடிஎஃப் இரண்டையும் தனித்தனிப் பொருள்களாகக் கேட்கிறது. படத்தை முழுவதும் விரித்து, இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே சுருக்க வேண்டும். கட்டிவந்த மூட்டையைப் பிரித்து, அரிசியையும் பருப்பையும் பொறுக்கி, இரண்டு மூட்டையாகக் கட்டுகிற வேலை.

இதன் பாரம் எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 3024க்கு 4032 பிக்சல் இருக்கும். வட்டில் அது சில மெகாபைட்டுகள்தான். ஆனால் விரித்தால் பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஏறத்தாழ 36.6 மெகாபைட். மலரில் அந்தப் படத்துக்கு ஒதுக்கிய இடமோ கடவுச்சீட்டுப் படத்தின் அகலமான 35 மில்லிமீட்டர். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, அச்சுக்கு அந்த அகலத்தில் 413 பிக்சல் போதும். உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இருக்கும் பிக்சல்களில் ஐம்பதில் ஒரு பங்கு கூட அச்சுக்குத் தேவையில்லை.

எதையும் மாற்றும் முன் ஒரு பட்டியல்

பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் ‘பிடிஎஃப்-இமேஜஸ்’ என்ற சிறு கட்டளை இருக்கிறது. அதற்கு ‘லிஸ்ட்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து உங்கள் பழைய பிடிஎஃப்பைக் காட்டினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி வரும். அதில் நான்கு பத்திகளைப் பார்த்தால் போதும்.

‘என்க்’ என்ற பத்தியில் ‘ஜேபெக்’ என்று இருந்தால் படம் ஜேபெக்காகவே உள்ளே இருக்கிறது. நீங்கள் கொடுத்தது ஜேபெக்காக இருந்தும் அங்கே ‘இமேஜ்’ என்று வந்தால், லைப்ரரி அதைப் பிரித்து மேய்ந்திருக்கிறது என்று பொருள். ‘டைப்’ பத்தியில் ‘எஸ்மாஸ்க்’ என்ற வரிகள் ஆல்பாவைக் காட்டிக்கொடுக்கும். ‘எக்ஸ்-பிபிஐ’ பத்தியில் அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று தெரியும். மேலே சொன்ன உபயக்காரர் படம் அங்கே 2195 என்று நிற்கும். நான்காவது, பொருள் எண். ஆலயச் சின்னம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது என்றால் எல்லா வரிகளிலும் ஒரே எண் வர வேண்டும். பக்கத்துக்கு ஓர் எண் வந்தால் அதே சின்னத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கப் பைத்தானோடு வரும் சி-புரொஃபைல் போதும். பெரும்பாலும் தரவைச் சுருக்கும் ஜீலிப்பும், பைத்தானின் படக் கருவியான பில்லோவின் ‘லோட்’டும் பட்டியலின் தலையில் உட்கார்ந்திருக்கும். இரண்டுமே இல்லாமல் கோப்பு வாசிப்பு தலையில் இருந்தால், படங்கள் மேகக் கிடங்கோடு ஒத்திசைக்கும் கோப்புறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோப்பின் பெயர் மட்டும் மடிக்கணினியில் இருந்து, உள்ளடக்கம் கேட்கும்போதுதான் இறங்கும் ஏற்பாடு அது. அதற்கு எந்த லைப்ரரியும் மருந்தல்ல. படங்களை உள்வட்டுக்கு நகலெடுத்துவிட்டு நிரலை ஓட்டுங்கள்.

அப்படியே வைப்பது

முதல் வழி ஜேபெக்கைத் தொடாமல் விடுவது. வேகத்தில் இதை எதுவும் அடிக்காது. பைத்தானின் பிடிஎஃப் லைப்ரரிகளான ரிப்போர்ட்லேப், எஃப்பிடிஎஃப்2, பைமுபிடிஎஃப் எல்லாமே இதைச் செய்யும், கோப்பாகக் கொடுத்தால். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். அகலம் உயரம் தெரிந்துகொள்ளப் பில்லோவில் படத்தைத் திறக்கிறார்கள், திறந்த அந்தப் பொருளையே லைப்ரரியிடம் நீட்டுகிறார்கள். லைப்ரரியின் கண்ணுக்கு அது இப்போது ஜேபெக் இல்லை, வெறும் பிக்சல் குவியல். கோப்பின் பாதையையோ மூல பைட்டுகளையோ கொடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது. பில்லோவில் வெறுமனே திறந்து அளவு மட்டும் கேட்பதில் செலவில்லை, தலைப்பகுதியை மட்டும்தான் அது படிக்கும்.

இந்த வழிக்கு மூன்று குறைகள். கோப்பு பருத்துவிடும், நூற்றுக்கணக்கான படங்கள் அசல் அளவில் உள்ளே போனால் மின்னஞ்சல் வாங்காது, அச்சகத்தின் கணினியும் திணறும். இரண்டாவது, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் பல படுத்த நிலையில் வரும். எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற தகவல் படக் கோப்போடு வரும் எக்ஸிஃப் குறிப்பில் இருக்கிறது, பிடிஎஃப் காட்டிகள் அதை மதிப்பதில்லை. ஜேபெக்டிரான் என்ற கருவி படத்தைப் பிக்சலாக விரிக்காமலே சுழற்றித் தரும். அல்லது பிடிஎஃப்பில் வைக்கும்போதே 90 பாகை திருப்பி வைக்கலாம். மூன்றாவது, ஐபோன்காரர்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் பெரும்பாலும் ஹெய்க் என்ற பட வடிவில் சேமிக்கின்றன. பிடிஎஃப்புக்கு அந்த வடிவம் தெரியாது. அவற்றைத் திறந்தே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தவை ஏற்கெனவே சுருங்கி வந்தவை. அவற்றுக்கு இந்த வழியே போதும், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். ஆவணமாக அனுப்பப்பட்டவைதான் முழுப் பாரத்தோடு வரும்.

ஒரு முறை திறந்து, சிறிதாக்கி, பத்திரப்படுத்துவது

சிறப்பு மலருக்கு நான் சொல்லும் வழி இதுதான். நிரலை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதி படங்களைத் தேவையான அளவுக்குச் சிறிதாக்கி ஜேபெக்காக ஒரு தனிக் கோப்புறையில் சேமிக்கும். இரண்டாம் பகுதி அந்தச் சிறிய கோப்புகளை மட்டும் எடுத்து, மேலே சொன்னபடி தொடாமல் பிடிஎஃப்பில் வைக்கும்.

முதல் ஓட்டத்தில் லாபம் பெரிதாகத் தெரியாது. எல்லாப் படத்தையும் ஒருமுறை திறந்துதானே ஆக வேண்டும். லாபம் திருத்தம் தொடங்கும்போது வரும். மலர்க்குழுவோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். “தம்பி, தலைவர் படம் மட்டும்தான் மாறுகிறது, ஐந்து நிமிட வேலைதானே?” என்று செயலாளர் ஐயா இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கேட்பார். நிரலை ஒழுங்காகப் பிரித்திருந்தால் அது உண்மையிலேயே ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மாறிய படம் ஒன்றுதான் மறுபடி திறக்கப்படும். எது மாறியது என்று கண்டுபிடிக்கக் கோப்பின் பெயரை நம்ப வேண்டாம், ‘தலைவர்’ என்ற பெயரிலேயே புதுப்படம் வரும். உள்ளடக்கத்தின் ஹாஷையும் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) கேட்ட அளவையும் சேர்த்துச் சிறிய கோப்புக்குப் பெயராக வையுங்கள். ஹாஷ் கணக்கிடுவது படத்தை விரிப்பதைவிடப் பலமடங்கு மலிவு.

சிறிதாக்கும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. பில்லோவில் ‘ரீசைஸ்’ படத்தை முழுவதும் விரித்துவிட்டுத்தான் சுருக்கும். ‘தம்நெயில்’ அப்படிச் செய்யாது. ஜேபெக்கின் உள்ளமைப்பு 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக இருப்பதால், படத்தை அரையாகவோ காலாகவோ எட்டில் ஒன்றாகவோ நேரடியாக விரிக்க முடியும். ‘தம்நெயில்’ தேவைக்குச் சற்று மேலே நிற்கும் பின்னத்தைத் தேர்ந்து அதை மட்டும் விரிக்கும், மிச்சத்தைப் பிறகு சீராக்கும். இந்த வேகம் கிடைக்க ஒரு நிபந்தனை: அதற்கு முன் படத்தில் வேறு எந்த வேலையும் நடந்திருக்கக் கூடாது. நிற மாற்றம் செய்தாலோ, எக்ஸிஃபைப் பார்த்து நிமிர்த்தினாலோ படம் முழு அளவில் விரிந்துவிடும். அப்புறம் ‘தம்நெயில்’ போட்டுப் பயனில்லை. முதலில் சுருக்குங்கள், பிறகு நிமிர்த்துங்கள். சுருக்கும்போது அளவைச் சதுரமாகக் கொடுத்தால் படம் நிற்கிறதா படுத்திருக்கிறதா என்ற குழப்பமும் வராது.

ஆயிரக்கணக்கில் படங்கள் என்றால் இந்த முதல் பகுதியைக் கணினிச் செயலியின் பல கோர்களில் பிரித்து ஓட்டலாம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை, அதனால் சிக்கலும் இல்லை. பில்லோ விரிக்கும்போதும் சுருக்கும்போதும் ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடும் பைத்தானின் பூட்டை விட்டுவிடுவதால் சாதாரண இழைகளே (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) பலன் தரும்.

எஃப்பிடிஎஃப்2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ‘ஓவர்சைஸ்ட் இமேஜஸ்’ என்ற அமைப்பை ‘டவுன்ஸ்கேல்’ என்று வைத்தால், இடத்துக்கு மிஞ்சிய படங்களை அதுவே சிறிதாக்கிவிடும். கோப்பு மெலியும், ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாவற்றையும் புதிதாகத் திறக்கும். ஒரே தடவை உருவாக்கி முடிக்கிற வேலைக்கு நல்லது, மலர்க்குழுவுக்கு ஆகாது.

சின்னம் ஒன்று, சான்றிதழ் பல

மாணவர் சான்றிதழில் கதை வேறு. மாணவரின் படம் சிறியது. பாரம் பள்ளிச் சின்னத்திலும் பின்னணி அலங்காரத்திலும் இருக்கிறது, இரண்டும் பெரும்பாலும் ஏதோ வடிவமைப்புத் தளத்திலிருந்து இறக்கிய ஆல்பா பிஎன்ஜி. ஒரே பிடிஎஃப்பில் எல்லாச் சான்றிதழும் வருகிறது என்றால் லைப்ரரிகள் பெரும்பாலும் தாமாகவே ஒரே பிரதியை மறுபடி பயன்படுத்தும். ரிப்போர்ட்லேப்பில் ‘ட்ரா இமேஜ்’ அப்படிச் செய்யும், ‘ட்ரா இன்லைன் இமேஜ்’ செய்யாது. இரண்டாவதைப் பயன்படுத்திய பழைய நிரல் கையில் இருந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றுவதே போதுமான மருத்துவம். பைமுபிடிஎஃப்பில் முதல் செருகலின்போது ஓர் எண் திரும்பி வரும்; அடுத்த பக்கங்களில் கோப்புக்குப் பதில் அந்த எண்ணைக் கொடுத்தால் படம் மறுபடி பரிசோதிக்கப்படாது.

மாணவருக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக வேண்டுமானால் இந்த நினைவு கோப்போடு முடிந்துவிடும். சின்னம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரிக்கப்படும். இங்கேதான் எஃப்பிடிஎஃப்2 எனக்குப் பிடிக்கிறது. அதன் படச் சேமிப்பை ஓர் ஆவணத்திலிருந்து எடுத்து அடுத்த ஆவணத்துக்குக் கொடுக்க முடியும், இரண்டே வரி. அதைவிட எளிய வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. தாள் வெள்ளையாக இருந்தால் சின்னத்துக்கு ஒளிபுகும் அடுக்கு எதற்கு? ஒருமுறை வெள்ளைப் பின்னணியில் ஒட்டி ஆல்பா இல்லாமல் சேமித்துவிடுங்கள். எக்கச்சக்கமான வேகக் குறைகள் இந்த ஒரு செயலில் தீர்ந்துவிடும்.

ரிப்போர்ட்லேப்காரர்கள் இன்னொன்றையும் அணைத்துவைக்கலாம். படத் தரவை ஆஸ்கி85 என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றுவது அதன் இயல்பான அமைப்பு. 4 பைட் 5 ஆகப் பெருகும். இன்றைய பிடிஎஃப்புக்கு அது தேவையே இல்லை.

பாயான் லெப்பாஸ் அறிக்கைகள்

பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸின் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனை அறிக்கை தயாரிக்கிறவர்கள் கேட்பது வரைபடங்களைப் பற்றி. பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் சேமிக்கும் பிஎன்ஜியில் பின்னணி முழு வெள்ளையாக இருந்தாலும் ஆல்பா அடுக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த அடுக்குக்காக ஒவ்வொரு வரைபடமும் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. சேமிக்கும் முன் ஆர்ஜிபியாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். ஜேபெக்காக மாற்ற வேண்டாம், மெல்லிய கோடுகளைச் சுற்றி அழுக்குப் படியும். இன்னும் நல்லது, வரைபடத்தைப் படமாக்காமல் திசையன் வடிவிலேயே, அதாவது பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவே, பிடிஎஃப்பாக எழுதிப் பக்கத்தில் பதிப்பது. பைமுபிடிஎஃப் இதை நன்றாகச் செய்யும். ஆனால் அது ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்திலோ வணிக உரிமத்திலோதான் கிடைக்கிறது. நிறுவனத்துக்குள் பயன்படுத்தும் முன் உரிமத்தைப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நுண்ணோக்கிப் படங்கள் கண்ணால் பார்க்க மட்டும் என்றால் ஜேபெக். பிறகு அதை வைத்து அளவெடுப்பார்கள் என்றால் தொடாதீர்கள், நேரம் ஆனால் ஆகட்டும்.

லைப்ரரி மாற்றினால்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். படங்களைச் சரிசெய்த பிறகும் மெதுவாக இருந்தால் மாறலாம். ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேகத்துக்கு முன் இன்னொரு தடை இருக்கிறது. ‘கொ’, ‘கே’ போன்ற எழுத்துகளில் கொம்பு மெய்க்கு இடப்புறம் போய் நிற்க வேண்டும். எழுத்து வடிவமைப்பைக் கவனிக்காத லைப்ரரியில் அது வலப்புறம் தொங்கும். படம் எத்தனை வேகமாக வந்து என்ன பயன்? எஃப்பிடிஎஃப்2வில் எழுத்துகளைச் சரியாக அமைக்கும் ஹார்ஃப்பஸ் துணையோடு ‘டெக்ஸ்ட் ஷேப்பிங்’கை இயக்கிக்கொள்ளலாம். பிஎச்பியின் பழைய எஃப்பிடிஎஃப்பில் அந்த வசதி இல்லை. ஆங்கிலச் சான்றிதழுக்கு அது போதும், தமிழ் மலருக்குப் போதாது.

பக்கத்தை எச்டிஎம்எல்லில் எழுதி வீஸிபிரிண்டாலோ தலையில்லாக் குரோமியத்தாலோ (திரையில்லாமல் ஓடும் உலாவி) பிடிஎஃப்பாக்குவது தமிழ் எழுத்தில் சுகமான வழி. பத்தி ஓட்டம், வரி முறிவு எல்லாம் தானாக நடக்கும். வேகத்தில் நேர் லைப்ரரிகளோடு போட்டி போடாது. குரோமியத்தை எடுத்தால் அதை ஒருமுறை திறந்துவைத்து எல்லா ஆவணத்தையும் அதிலேயே அச்சிடுங்கள். ஆவணத்துக்கு ஒருமுறை திறந்து மூடினால் அந்தத் தொடக்க நேரமே கொன்றுவிடும். படங்களைப் பேஸ்64 எழுத்தாக எச்டிஎம்எல்லுக்குள் திணிக்க வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு பருக்கும். சிஎஸ்எஸில் அகலத்தைக் குறைத்தால் படம் பக்கத்தில்தான் சிறிதாகும், கோப்புக்குள் முழுப் படமே போகும். ஆகவே சிறிதாக்கிப் பத்திரப்படுத்தும் அந்த முதல் பகுதி இங்கேயும் வேண்டும். இதே வேலைக்கான பழைய கருவியான டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப்பைப் புதிதாகத் தொடங்குபவர்கள் தொட வேண்டாம். 2023இல் அதன் களஞ்சியம் காப்பகமாக மூடப்பட்டுவிட்டது.

ஆவணத்தைத் துண்டாக்கிப் பல கோர்களில் உருவாக்கி, முடிவில் பிடிஎஃப்களை இணைக்கும் கியூபிடிஎஃப் கருவியால் ஒட்டுவது என்று ஒரு வழியைச் சிலர் முதலிலேயே எடுக்கிறார்கள். தனித்தனிக் கோப்புகளாகப் போகும் சான்றிதழ்களுக்கு அது பொருந்தும். ஒரே மலருக்கு நான் எடுக்க மாட்டேன். துண்டுக்கு ஒரு சின்னம், துண்டுக்கு ஒரு தமிழ் எழுத்துரு என்று எல்லாம் பெருகும், பக்க எண்ணும் பொருளடக்கமும் தனித் தலைவலியாகும்.

எதைத் தேர்ந்தாலும் அச்சுக்குப் போகிற வேலை என்றால் முதலில் அச்சகத்திடம் எந்தத் தரத்தில் பிடிஎஃப் வேண்டும் என்று கேளுங்கள். அச்சுக்கான தரங்களில் பிடிஎஃப்/எக்ஸ்-4 போதும் என்றால் ஆர்ஜிபி ஜேபெக்குகள் நிறக் குறிப்போடு அப்படியே போகலாம், ஆல்பாவும் இருக்கலாம். பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்று சொன்னால் ஆர்ஜிபிக்கும் ஒளிபுகும் அடுக்குக்கும் அங்கே இடமில்லை. ஒவ்வொரு படத்தையும் திறந்து, அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கேயாக மாற்றியே தீர வேண்டும். அந்த மாற்றத்தையும் சிறிதாக்கும் முதல் பகுதியிலேயே சேர்த்துவிடுங்கள், அப்போதும் ஒரு படம் ஒரே முறைதான் திறக்கப்படும்.